மின்கசிவு என்ற ஒற்றைச் சொல்

எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது. ஜவுளிக்கடை, குடிசை, மருத்துவமனை எதுவானாலும் இதே சொல்தான். உண்மையில் இது வெவ்வேறு நிகழ்வுகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. கம்பியிலிருந்து மின்சாரம் நிலத்துக்கு ஒழுகுவது ஒன்று. உறை தேய்ந்த இரண்டு கம்பிகள் நேரடியாக உரசிக்கொள்வது இன்னொன்று. தாங்கும் அளவுக்கு மேல் ஏ.சி.யும் ஹீட்டரும் மாட்டிக் கம்பியைக் கொதிக்கவைப்பது மூன்றாவது. திருகு தளர்ந்த இணைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறிக்கொண்டே போவது நான்காவது. முதலாவதற்கு, கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறது; அடுத்த இரண்டுக்கு, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறது. நான்காவதை இந்த இரண்டு கருவிகளுமே பெரும்பாலும் உணர்வதில்லை. ஆள் வந்து இணைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. இவற்றைப் பிரித்துச் சொல்லக் கற்றவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொரு தீயும் தன் பாடத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

தீயை அணைக்க ஆள் தயாரிப்பதில் நமக்கு நல்ல மரபு உண்டு. தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. 1956இல் ராம்பூரில் தொடங்கி அடுத்த ஆண்டே நாக்பூருக்கு மாறிய தேசியத் தீயணைப்புக் கல்லூரி, அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதோடு தீப்பொறியியலில் பட்டப்படிப்பும் நடத்திவருகிறது. ஆனால் அணைப்பதும் தடுப்பதும் ஒரே கலை அல்ல. ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம் எதை நினைவுகூர்கிறதோ, அந்த நிகழ்வே இதற்குச் சான்று. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுடைய துணிச்சலில் எந்தக் குறையும் இல்லை. வெடிமருந்து ஏற்றிவந்த கப்பலில் கராச்சியில் பருத்திப் பொதிகளையும் ஏற்றினார்களே, அந்த நாளிலேயே அவர்கள் முடிவு ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது. அந்த நேரத்தில் ‘இரண்டும் ஒன்றாகப் போகக்கூடாது’ என்று தடுத்து நிறுத்தும் அதிகாரத்தோடு, விஷயம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். தீத்தடுப்புக் கல்வி உருவாக்க வேண்டியது அந்த ஒருவரைத்தான்.

கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் ஏற்பட்ட தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கீற்றும் மூங்கிலும் மாடி வகுப்புகளில் இருந்த பிள்ளைகள் மேல் விழுந்தன. இறங்கிவரக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. காய்ந்த தென்னங்கீற்று எரிந்து தீர மணிக்கணக்கு ஆகாது. எவ்வளவு திறமையான தீயணைப்புப் படையாக இருந்தாலும், வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கக் கூடியவர், அதற்கு முந்தைய ஏதோ ஒரு சாதாரண நாளில் அந்தக் கட்டிடத்துக்குள் நடந்து போய், அடுப்பு எங்கே, கூரை எதனால் ஆனது, ஒரு வகுப்பில் எத்தனை பேர், படியின் அகலம் எவ்வளவு, மாடி காலியாக எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு முறை இருக்கிறது, சூத்திரம் இருக்கிறது, படித்தால் வரும். புகையும் அப்படித்தான். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் தரைத்தள மின்மாற்றியில் பிடித்த தீ பால்கனியை எட்டவே இல்லை, எட்டியது புகை. 59 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பரில் கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் அடித்தளத்தில் எரிந்த பொருள்களின் புகை மேல்தளங்களுக்கு ஏறி, படுக்கையை விட்டு எழ முடியாத நோயாளிகள் உட்படச் சுமார் 90 பேரைக் கொன்றது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. கட்டிடத்துக்குள் புகை எந்த வழியே ஓடும் என்று முன்கூட்டியே சொல்வது தனிப்படிப்பு. குழாய் பிடிக்கும் பயிற்சியில் அது வராது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்த மரணங்களுக்குக் காரணம் அறியாமையா, பேராசையும் லஞ்சமும்தானே? விதிமீறல் என்று தெரிந்தேதானே செய்தார்கள்? ஆம், பல இடங்களில் தெரிந்தேதான். ஆனால் துறையறிவு இல்லாத இடத்தில் நேர்மையான ஆய்வும் பொய்யான ஆய்வும் காகிதத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. சுவரில் சிவப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறதா என்று எண்ணிவிட்டுத் தடையின்மைச் சான்று கொடுப்பவர் லஞ்சம் வாங்காதவராக இருந்தாலும் அந்தச் சான்று யாரையும் காப்பாற்றாது. கணக்கோடு எழுதப்பட்ட ஆய்வறிக்கையைப் பொய்யாக்குவதோ கடினம். பின்னாளில் நீதிமன்றத்தில் அதை இன்னொரு நிபுணர் சரிபார்க்க முடியும். தணிக்கையாளர் தன் கையெழுத்துக்குப் பொறுப்பேற்பதுபோல, இந்தத் துறையிலும் உரிமம் பெற்றவர் தன் பெயரைப் பணயம் வைத்துக் கையெழுத்திட வேண்டும். அப்படி ஒரு தொழில் இருந்தால்தான் லஞ்சத்துக்கு எதிராக நிற்பவருக்கும் பிடிமானம் கிடைக்கும்.

படிப்புகள்தான் நிறைய இருக்கின்றனவே என்றும் கேட்கலாம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீப்பொறியியல் பி.டெக். இருக்கிறது, தொழிலகப் பாதுகாப்பில் பட்டயங்களும் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் ஆலைகளை நோக்கியவை. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் பாதுகாப்பு அலுவலரை வைக்கச் சொன்னது. வேலை அங்கே உருவானது, படிப்பும் அதன் பின்னே போனது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் திருமண மண்டபத்துக்கும் அப்படியொரு பதவி உருவாகவில்லை. மூன்று மாதத்தில் சான்றிதழ், வளைகுடாவில் வேலை என்று அழைக்கும் தனியார் வகுப்புகளில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: இங்கே பொருள்களை எரித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறதா? கட்டிட வரைபடத்தைப் படிக்கச் சொல்லித் தருகிறீர்களா? சிகாகோவின் ஆர்மர் கல்லூரியில் 1903லேயே தீப்பாதுகாப்புப் பொறியியல் தனிப்படிப்பாகத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று அதே நகரத்தின் இரோகுவா திரையரங்கில் 602 பேர் இறந்தார்கள் என்பதும் உண்மை. படிப்பு தொடங்கிய உடனே பலன் வந்துவிடாது. படித்தவர்கள் வேலைக்குப் போய்ச் சேர ஒரு தலைமுறை பிடிக்கும்.

பட்டதாரிகளை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் மாணவருக்கு எரிந்த வீட்டின் கம்பிகளைப் பார்க்கக் கற்றுத்தரலாம். மின்பொறியில் உருகிய தாமிரம் கம்பி நுனியில் சிறு மணியாகத் திரண்டு நிற்கும், அதையொட்டிய கம்பி பெரும்பாலும் சேதமின்றி இருக்கும். வெளித்தீயில் உருகிய தாமிரமோ நீளமாக மெலிந்து வழிந்திருக்கும். எப்போதும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது, சில நேரம் நுண்ணோக்கி தேவைப்படும். இந்தத் தடயங்களைப் படிக்கத் தெரிந்தவர் மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தாலே, நாளைய செய்தியில் ‘மின்கசிவு’ என்ற சொல்லுக்குப் பதிலாக எந்த அறை, எந்த இணைப்பு, எதனால் என்று எழுத முடியும்.