தொகையை எழுதி வைக்க வேண்டாம், கணக்கிட்டுக் காட்டினால் போதும்

சரக்குப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் வணிகப் பெருமக்கள் பலர், ‘விலை’, ‘வரி வீதம்’ என்ற இரண்டு பத்திகளோடு ‘வரியுடன் விலை’ என்று மூன்றாவது பத்தி ஒன்றையும் சேர்த்து விடுகிறார்கள். பார்ப்பதற்கு வசதிதான். ஆனால் பின்னால் தொல்லை தருவதும் அந்தப் பத்திதான்.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி நெய், வெண்ணெய்க்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி சேராமல் கிலோ ரூ.600 என்றால் அதற்கு முன் ரூ.672, அன்று முதல் ரூ.630. வரி வீதத்தை மட்டும் திருத்திவிட்டு மூன்றாவது பத்தியை மறந்தவர் பட்டியலில் 672தான் நிற்கும். கிலோவுக்கு 42 ரூபாய் கூடுதலாகச் சொல்லி, வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

கணக்கு எழுதுவதில் பேர்பெற்ற நம் கண்டனூர், காரைக்குடிப் பகுதியாருக்கு இது புதிதல்ல. பேரேட்டில் பற்றையும் வரவையும் பதிகிறோம். இருப்பு, அவற்றைக் கூட்டிக் கழித்து வருவது. பதிவைத் திருத்தினால் இருப்பும் மாறித்தான் ஆகவேண்டும். கம்ப்யூட்டரிலும் அதே முறைதான்.

செய்வது எப்படி?

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வைத்திருப்பவர்கள், திரைப் படிவத்தையோ அச்சிடும் அறிக்கையையோ ‘டிசைன் வியூ’வில் திறந்து, ஒரு வெற்று ‘டெக்ஸ்ட் பாக்ஸ்’ போடவேண்டும். அதன் ‘கன்ட்ரோல் சோர்ஸ்’ என்ற இடத்தில் இப்படி எழுதவேண்டும்:

=[விலை]+[விலை]*[வீதம்]/100

அவ்வளவுதான். பட்டியலில் புதிய பத்தி தேவையில்லை. வீதத்தைத் திருத்தினால், திரையில் தெரியும் தொகை தானே மாறிவிடும். ஃபைல்மேக்கர் மென்பொருளிலும் 2023 பதிப்பு முதல், படிவத்திலேயே கணக்கை எழுதும் வசதி வந்துள்ளது.

அறிக்கையின் அடியில் மொத்தம் காட்டும்போது கவனம் தேவை. கூட்டும் ‘சம்’ கட்டளைக்குள் டெக்ஸ்ட் பாக்ஸின் பெயரைப் போட்டால் மொத்தம் வராது. டெக்ஸ்ட் பாக்ஸில் எழுதிய கணக்கையே அங்கே மீண்டும் எழுதவேண்டும். அந்தத் தொகையை வைத்துத் தேடவோ வரிசைப்படுத்தவோ வேண்டுமானால், கணக்கை ‘கொயரி’யில் எழுதிக்கொள்வது நல்லது.

எதை எழுதி வைக்கவேண்டும்?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கொடுத்து முடித்த பில், சரக்குப் பட்டியலில் உள்ள இன்றைய வீதத்தைப் பார்த்துக் கணக்கிடக் கூடாது. அப்படி அமைத்திருந்தால், 2025 ஆகஸ்டில் 12 சதவீதத்தில் போட்ட நெய் பில்லை இன்று மறுபடி அச்சிடும்போது 5 சதவீதம் என்று வரும். தாக்கல் செய்த கணக்கோடு ஒத்துப்போகாது. எனவே விற்ற அன்றைய விலையையும் வரி வீதத்தையும் பில்லின் ஒவ்வொரு வரியிலும் பதிந்தே ஆகவேண்டும். வரித் தொகையையும் மொத்தத்தையும் அவற்றிலிருந்து கணக்கிட்டுக் காட்டலாம்.

சுருக்கமாகச் சொன்னால், நடந்ததைப் பதியுங்கள். அதிலிருந்து வருவதைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். அடுத்த வரி மாற்றம் வருவதற்குள், உங்கள் பட்டியலில் அந்த மூன்றாவது பத்தி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.