பூங்காவா? வடிகாலா?

பூங்கா என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன மலர்ப் பாத்திகளும், பசும் புற்றரையும், சிறுவர் ஆடும் ஊஞ்சலுமே. இவற்றைப் பேணுவதற்கெனவே நகரங்களிற் பூங்கா ஆணைக்குழுக்கள் அமைந்துள்ளன என்று எண்ணுகிறோம். ஆனால், வெள்ளத்தைத் தாங்குவதும், ஆற்று நீரைத் தூய்மையாக வைத்திருப்பதும், நகரின் வெப்பத்தைத் தணிப்பதுங்கூட அக்குழுக்களின் கடமையாகுமா? மேல்நாட்டு நகரங்கள் பலவற்றில் இவ்வினா இன்று விவாதிக்கப்படுகிறது. இவ்வழக்கிற் சாட்சி கூறத் தகுந்த நகரொன்று உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பொஸ்டனே அது.

பொஸ்டனின் பூங்கா ஆணைக்குழு 1875ஆம் ஆண்டில் மக்களின் வாக்கெடுப்புப் பெற்று நிறுவப்பட்டது. அதன்முன் வந்து நின்ற பெரும் பிரச்சினை 'பாக் பே' என்னும் சதுப்புக் குடா. 1821இற் கட்டி முடிக்கப்பெற்ற அணையொன்று அங்கே கடலின் வற்றுப்பெருக்கை மறித்துவிட்டது. ஸ்டோனி என்ற ஓடையும், சேற்றாறு எனப் பொருள்படும் மடி ஆறும் சுமந்து வந்த கழிவு, போக வழியின்றி அங்கேயே தேங்கிற்று. கோடையில் நாற்றம், பெருமழையில் வெள்ளம். அயலிற் குடியிருந்தோர் பட்ட அல்லல் கொஞ்சமன்று.

அவ்விடத்தைப் பூங்காவாக்க விரும்பிய ஆணைக்குழு, 1878இல் வரைபடப் போட்டியொன்றை நடத்தியது. பரிசும் வழங்கப்பட்டது. ஆயினும், பரிசு பெற்ற வரைபடத்தை நிறைவேற்றாது, பிரெடெரிக் லோ ஓம்ஸ்டெட் என்பவரை அது அழைத்தது. நியூயோர்க்கின் மத்திய பூங்காவைக் கல்வர்ட் வோக்ஸ் என்பாருடன் சேர்ந்து வகுத்தவர் அவர். நீருக்கு வழி செய்யாமற் பூச்செடி நடுவதாற் பயனில்லை என்பதை அவர் கண்டார். நகரப் பொறியியலாளரோடு கூடி, கழிவைத் தனிக் குழாய்கள் வழியே திருப்பினார். வாயிற் கதவு அமைத்துக் கடல்நீரை அளவோடு உள்ளே விட்டார். வெள்ளம் வந்தாற் பரந்து நிற்கத் தாழ்ந்த நிலத்தை ஒதுக்கினார். உப்பையும் வெள்ளத்தையும் தாங்கும் புல் வகைகளைக் கரையில் நடுவித்தார். அவ்விடத்துக்குப் பூங்கா என்ற பெயரையும் அவர் விரும்பவில்லை. சதுப்பு நிலம் எனப் பொருள்படும் 'ஃபென்ஸ்' என்றே அது வழங்கலாயிற்று. பார்ப்போருக்கு அது சோலை. உண்மையில் அது வடிகால்.

அதைத் தொடர்ந்து ஆற்றோரமாகச் சோலைகளும் ஏரிகளும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டன. ஏறத்தாழ 1,100 ஏக்கர் பரப்புள்ள இத்தொகுதியை 'மரகத மாலை' என மக்கள் அழைப்பர். அதன் மணிகளுள் ஒன்றான ஆர்னல்ட் மரச்சோலையை, 1882இல் நகரம் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. மரம் வளர்ப்போர் எவ்வளவு தூரம் முன்னோக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனி, எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். "வடிகால் பொறியியலாளரின் தொழில், நோய்த் தடுப்பு சுகாதாரப் பகுதியின் தொழில். பூங்காவுக்கென ஒதுக்கிய பணத்தை ஆற்றிலே கொட்டினால், நெருக்கமான தெருக்களில் வாழும் ஏழைச் சிறுவர் விளையாட இடமேது? எல்லாவற்றையும் செய்யப் புகுந்தவர் எதையும் செய்து முடியார்" என்பர் அவர். இவ்வாதம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஓம்ஸ்டெட்டின் அமைப்பே இதற்கு ஆதாரமாகவும் காட்டப்படலாம். 1910இற் சார்ள்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டப்பட்டபோது, ஃபென்ஸில் உப்புநீர் நன்னீராயிற்று; அவர் நடுவித்த உவர்நிலப் புற்கள் அழிந்தன. தன் எல்லைக்கு வெளியே நிகழ்வதைப் பூங்காக் குழு தனித்து நின்று தடுத்தல் இயலாது என்பதே இதன் பொருள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1950களில், பேரங்காடி ஒன்றின் மோட்டார் வண்டிகளை நிறுத்துவதற்காக மடி ஆற்றின் ஒரு பகுதி குழாய்க்குள் அடைக்கப்பட்டு, மேலே மண் நிரப்பப்பட்டது. ஆறு கண்ணுக்கு மறைந்தது. அதன் தொழிலும் மறந்து போயிற்று. 1996ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கொட்டிய மழை அதனை நினைவூட்டிற்று. குழாயிற் கொள்ளாத நீர் தெருவிற் பெருகி, கென்மோர் நிலக்கீழ் இரயில் நிலையத்துட் புகுந்தது. வீடுகளும் நிறுவனங்களும் சேதமுற்றன.

பின்னர் நகரத்தாரும் அரசாங்கத்தாரும் கூடி, புதைத்த ஆற்றைத் தோண்டி எடுக்க முடிவு செய்தனர். 2013இல் தொடங்கிய முதற்கட்ட வேலை 2016இல் நிறைவேறிற்று. ஒரு தலைமுறை பணங்கொடுத்து மூடியதை, மறு தலைமுறை அதனினும் பன்மடங்கு செலவிட்டுத் திறந்தது!

ஆகவே தீர்ப்பு என்ன? பூங்கா ஆணைக்குழு பொறியியலாளரின் இடத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அருகில் அதற்கோர் ஆசனம் வேண்டும். பொஸ்டனில் பூங்காவிலிருந்து 100 அடிக்குட் கட்டிடம் எழுப்புவோர் ஆணைக்குழுவின் அனுமதி பெறவேண்டும் என விதியுண்டு. இத்தகைய அதிகாரமே அதற்கு உயிர். ஊஞ்சலுக்கும் வடிகாலுக்கும் பகை இல்லை. வெள்ளம் நிற்கும் தாழ்நிலமே, வெயிற் காலத்திற் சிறுவர் ஓடியாடும் புற்றரையாகவும் அமையலாம்.

இப்பொருளை விவாத மேடைக்கு எடுத்துச் செல்லும் மாணவர் ஒன்றை மறவாதிருப்பாராக: நீருக்கு இடம் விடாத நகரத்தில், நீர் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.