ஓடி முடிந்த கணக்கில் ஒளிந்திருக்கும் பிழை

நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மோட்ஃப்ளோ மென்பொருளில் நீர்த்தாங்கி ஒன்றைக் கட்டங்களாகப் பிரிப்பது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். கட்டங்களில் எண்களை நிரப்பி ஓடவிட்ட பிறகு வரும் தொல்லைகளை இந்த வாரம் பார்க்கலாம்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1980களில் வெளியிட்ட மென்பொருள் இது. இன்றைக்கு மோட்ஃப்ளோ 6 வரை வளர்ந்திருக்கிறது, விலையும் இல்லை. அதன் அடிப்படை வேலை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நீர்மட்டத்தை ஊகிக்கும். பக்கத்துக் கட்டங்களோடு நடக்கும் நீர்ப் போக்குவரத்தை, மட்ட வேறுபாட்டுக்கு ஏற்ப நீர் ஓடும் என்கிற டார்சி விதிப்படி கணக்கிடும். வரவும் செலவும் ஒத்துவராவிட்டால் ஊகத்தைத் திருத்திக்கொண்டு மறுபடி தொடங்கும். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளின் வித்தியாசம் நாம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் விடை குவிந்துவிட்டது என்று பொருள். இறங்காவிட்டால் ‘குவியவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும்.

அந்த இடத்தில்தான் பலர் தவறான வழியில் போகிறார்கள். 0.001 மீட்டர் என்றிருந்த எல்லையை 0.1 என்று தளர்த்தினால் மாடல் ஓடிவிடும், படமும் வந்துவிடும். ஆனால் குவியாத கணக்கு, நாம் கொடுத்த தகவலில் எங்கோ கோளாறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் வாயை அடைப்பது தீர்வாகாது.

முதலில் அலகுகளைப் பாருங்கள். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைநீர் நிலத்துக்குள் ஊறுகிறது என்றால், நாள் கணக்கில் அது 0.000274 மீட்டர்தான். அந்த இடத்தில் 0.1 என்று எழுதினால் ஓராண்டு ஊறலை ஒவ்வொரு நாளும் கொட்டுகிறோம். மாடல் அதைத் தட்டிக்கேட்காது. இறைப்பிலும் இதே கதைதான். நொடிக்கு ஒரு லிட்டர் என்பது நாளுக்கு 86.4 கன மீட்டர். அடுத்து, தொடக்க நீர்மட்டம். அது கட்டத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால் முதல் சுற்றிலேயே கட்டம் வறண்டுபோகும். காலத்தோடு மாறாத நிலைக்கு முதலில் ஒரு கணக்கு ஓட்டி, அதில் கிடைக்கும் மட்டங்களைத் தொடக்கமாக வைத்துக்கொள்வதே நல்லது.

வறண்ட கட்டம்தான் இந்த மாடல்களின் பெரிய தலைவலி. பழைய பதிப்புகளில் நீர்மட்டம் அடிமட்டத்தைத் தொட்டதும் அந்தக் கட்டம் கணக்கிலிருந்தே அணைந்துவிடும். மறுபடி நனைய வழி செய்தால், நனைவதும் காய்வதுமாக மாறி மாறி ஆடி, விடை குவியவே குவியாது. இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. கட்டம் அணையும்போது அதிலிருந்த ஆழ்துளைக் கிணறும் சேர்ந்து அணைந்துவிடும். 2011-இல் வந்த நியூட்டன் முறைப் பதிப்பு கட்டத்தை அணைப்பதில்லை. நீர் வற்ற வற்ற இறைப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. கணக்கு அழகாகக் குவிகிறது. ஆனால் நாளுக்கு 500 கன மீட்டர் இறைக்கச் சொன்ன கிணற்றிலிருந்து மாடல் 200 மட்டுமே எடுத்திருக்கலாம். ‘இவ்வளவு இறைத்தாலும் மட்டம் பெரிதாக இறங்கவில்லை’ என்று அறிக்கை எழுதுபவர், உண்மையில் இறைக்கப்படாத நீரைப் பற்றி எழுதுகிறார். ஒவ்வொரு காலகட்டத்திலும் கேட்ட இறைப்பையும் நடந்த இறைப்பையும் ஒப்பிட்டே ஆகவேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழை, இல்லாத தண்ணீர் உள்ளே வருவது. மோட்ஃப்ளோவில் ஆற்றைக் கணக்கில் சேர்க்கும் பகுதியான ஆற்றுத் தொகுப்பில், ஆற்றின் நீர்மட்டத்தை நாம்தான் கொடுக்கிறோம். ஆற்றில் அவ்வளவு நீர் ஓடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. கேட்கக் கேட்கக் கொடுக்கும். ஆண்டு முழுக்க நீரோடும் ஆறுகளுக்கு இது பொருந்தலாம். பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கும் பாலாற்றில் இதை அப்படியே வைத்தால், சுற்றியுள்ள கிணறுகள் காகிதத்தில் மட்டும் நிறைந்திருக்கும். ஆற்றில் வரும் நீரைக் கணக்கு வைத்து, இருப்பதை மட்டும் கசியவிடும் ஓடைத் தொகுப்பு தனியாக இருக்கிறது. நம் ஊர் ஆறுகளுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கடலோர மாடல்களில் வேறொரு சிக்கல். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அதிகம் என்பதால், 40 மீட்டர் ஆழத்தில் அது ஒரு மீட்டர் கூடுதல் நன்னீர் மட்டத்துக்குச் சமமான அழுத்தம் தரும். கடல் எல்லை முழுவதற்கும் நீர்மட்டம் சுழியம் என்று எழுதிவிட்டால் அந்த அழுத்தம் விடுபட்டுப்போகும். 1960களின் இறுதியிலேயே உப்பு உள்ளே வரத் தொடங்கிய மீஞ்சூர் போன்ற பகுதிக்கு, அடர்த்தியையும் சேர்த்துக் கணக்கிடும் சீவாட் போன்ற மென்பொருள் வேண்டும்.

எல்லாம் சரியாகி, கணக்கிட்ட மட்டமும் கிணற்றில் அளந்த மட்டமும் பொருந்திவிட்டாலும் நிம்மதிகொள்ள முடியாது. இறைப்பு எவ்வளவு என்று தெரியாத இடத்தில், மழை ஊறலையும் மண்ணின் நீர்க்கடத்துத் திறனையும் சேர்ந்தாற்போல் இரண்டு மடங்காக்கினாலும் அதே மட்டங்கள் வரலாம். அப்படியென்றால் எடுக்கத்தக்க நீரின் அளவில் இரண்டு மடங்கு பிழை வரக்கூடும், படமோ அச்சு அசலாகப் பொருந்தியிருக்கும். விவசாய மின்சாரம் இலவசமாகவும், பெரும்பாலும் மீட்டர் இல்லாமலும் இருக்கும் தமிழ்நாட்டில் இறைப்பு என்பதே ஊகம்தான். கிணற்று மட்டத்தோடு ஏதாவது ஓர் ஓட்டத்தையும் அளந்தால்தான் இந்த முடிச்சு அவிழும். மோட்டார் ஓடும் நேரமாக இருக்கலாம், கோடையில் ஓடையில் கசியும் நீராக இருக்கலாம்.

நீர் வரவு செலவுப் பட்டியலை ஒவ்வொரு முறையும் மோட்ஃப்ளோ எழுதிவைக்கிறது. வரவும் செலவும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போவது முதல் தேர்வு மட்டுமே. எந்த வரி எவ்வளவு, அது அந்த மண்ணில் நடக்கக்கூடியதா என்பதே அடுத்த கேள்வி. உங்கள் ஊர் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு மாடல் அறிக்கை வந்தால், வண்ணப் படங்களுக்கு முன்னால் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.