டப்பாவை ஊரெங்கும் சேர்த்தவர் பெயர் எங்கே போனது?

'டப்பர்வேர்' என்ற பெயரைக் கேள்விப்படாத ஊர் குறைவு. சோறு கட்டிக் கொண்டுபோகவும், மாவும் பருப்பும் போட்டு வைக்கவும் உதவும் பிளாஸ்டிக் டப்பா. விலை அதிகம் என்பதால் நம்மில் பலர் கடையிலோ அடுத்தவர் வீட்டிலோ பார்த்ததோடு சரி. அந்தப் பெயர் ஏர்ல் டப்பர் என்ற அமெரிக்கருடையது. டப்பாவைச் செய்தவர் அவர். அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் பிரௌனி வைஸ் என்ற பெண். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மணவிலக்குக்குப் பின் மகனைத் தனியாக வளர்த்தவர். இந்த இரண்டாவது பெயரை நாம் ஏன் கேள்விப்படவில்லை?

டப்பரும் வசதியான வீட்டுப் பிள்ளை அல்ல. 1907இல் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே வீட்டு விளைச்சலை வாசல் வாசலாக எடுத்துப்போய் விற்றிருக்கிறார். மரங்களைப் பராமரிக்கும் தொழில் தொடங்கி, 1936இல் திவாலானார். பிறகு டூபான்ட் என்ற பெரிய ரசாயன நிறுவனத்தில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகப் பிளாஸ்டிக் தொழில் தொடங்கினார். டூபான்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது பாலிஎத்திலீன் கழிவு. கறுத்த, கெட்ட வாடை அடிக்கும் கட்டி. அதைச் சுத்தப்படுத்தி, கீழே போட்டாலும் உடையாத, வளைந்து கொடுக்கும் கிண்ணங்களை வார்த்தெடுத்தார். பெயிண்ட் டப்பாவின் மூடியைப் பார்த்து, காற்றுப் புகாத மூடி ஒன்றையும் வடிவமைத்தார்.

1946இல் சரக்கு கடைக்கு வந்தது. ஆனால் விற்கவில்லை. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் என்றாலே உடையும், நாறும் என்ற எண்ணம் மக்களிடம் இருந்தது. தவிர, அந்த மூடியை எப்படிப் போடுவதென்றே யாருக்கும் தெரியவில்லை. நடுவில் அழுத்தி, ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை 'புஸ்' என்று வெளியே விட்டு மூட வேண்டும். இதைக் கடை அலமாரி சொல்லிக் கொடுக்காது. ஓர் ஆள் செய்து காட்ட வேண்டும்.

செய்து காட்டியவர் பிரௌனி வைஸ். 1913இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தாய் தொப்பி தைப்பவர், தொழிற்சங்கத்தில் இயங்கியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரௌனி டெட்ராய்ட் நகரத் தொழிற்சாலை ஒன்றில் செயலாளராக வேலை பார்த்தார். பிறகு ஸ்டான்லி ஹோம் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தின் துடைப்பங்களையும் பிரஷ்களையும் விற்றார். ஒரு வீட்டில் பத்துப் பெண்களைக் கூட்டி, பேசி, செய்து காட்டி விற்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். நிர்வாகப் பதவிக்கு அவர் ஆசைப்பட்டபோது, அது பெண்களுக்கான இடம் அல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கே கற்ற தொழிலை அவர் டப்பர்வேருக்குக் கொண்டுபோனார். பக்கத்து வீட்டுப் பெண்களை ஒரு வீட்டில் கூட்டுவார். கிண்ணத்தில் சாறு ஊற்றி மூடி, அறையின் குறுக்கே தூக்கி எறிவார். ஒரு சொட்டுச் சிந்தாது. பார்த்த பெண்கள் வாங்கினார்கள். கூட்டத்துக்கு இடம் கொடுத்தவருக்கு ஒரு பரிசு. விற்றவருக்குக் கமிஷன். நன்றாக விற்பவர், புதிய விற்பனையாளர்களைச் சேர்த்து மேலே போகலாம். போர் முடிந்ததும் தொழிற்சாலைகளிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் பலர். கைக்காசு தேவைப்பட்ட, பட்டமோ முன் அனுபவமோ இல்லாத பெண்களுக்கு இது ஒரு வாசலாகத் திறந்தது.

கடைகளில் தேங்கிக் கிடக்கும் சரக்கு பிரௌனியின் கையில் மட்டும் எப்படி விற்கிறது? டப்பர் கவனித்தார். 1951இல் அவரைத் துணைத் தலைவராக்கி, கடை விற்பனையையே நிறுத்தினார். இனி வீட்டுக் கூட்டங்களில் மட்டும்தான் டப்பர்வேர் கிடைக்கும். புளோரிடா மாநிலத்தின் கிஸிமி என்ற ஊரில் தலைமையகம் எழுந்தது. நன்றாக விற்றவர்களை அங்கே அழைத்து பிரௌனி விழா நடத்தினார். பரிசுப் பொருட்களை மண்ணில் புதைத்துவிட்டு, பெண்களின் கையில் மண்வெட்டி கொடுத்துத் தோண்டி எடுக்கச் சொன்னார். 1954 ஏப்ரலில் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. அந்த அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

புகழ் அவருக்கு, உடைமை டப்பருக்கு என்றே நிலைமை இருந்தது. இருவருக்கும் உரசல் வளர்ந்தது. 1958 ஜனவரியில் பிரௌனியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் பெயரில் நிறுவனத்தின் ஒரு பங்குகூட இல்லை. குடியிருந்த பெரிய வீடும் நிறுவனத்துக்கே சொந்தம். வழக்குப் போட்டார்; கடைசியில் கையில் வந்தது ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம், சுமார் 30,000 டாலர். அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை ரெக்ஸால் என்ற மருந்து நிறுவனத்துக்குச் சுமார் 1.6 கோடி டாலருக்கு விற்றார்.

பிறகு பிரௌனியின் பெயர் நிறுவனத்தின் வரலாற்றிலிருந்தே விலக்கப்பட்டது. அவர் எழுதிய புத்தகத்தின் மீந்த பிரதிகளைத் தலைமையகத்தின் பின்புறம் குழி தோண்டிப் புதைத்தார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார். பரிசுகளைப் புதைத்துத் தோண்டச் சொன்ன அதே ஊரில் இது நடந்தது. உழைத்தவர் பெயர் ஏட்டில் ஏறாமல் போவது இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பிரௌனி தொடங்கிய அழகுசாதனத் தொழில் நிலைக்கவில்லை. 1992இல் கிஸிமியில் இறந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரௌனி திரட்டிய ஆயிரக்கணக்கான பெண்களும் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் கிடையாது. அவர்களைத் திரட்டியவருக்கும் கடைசியில் உடைமை எதுவும் இல்லாமல் போனது.

1996இல் டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தபோதும் இதே வழியில்தான் வந்தது. பெண்கள், வீட்டுக் கூட்டம், கமிஷன். 2024 செப்டம்பரில் தாய் நிறுவனமே கடன் சுமையால் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றது.

நம் ஊர்களிலும் சுய உதவிக் குழுக்களில் மசாலாப் பொடி அரைக்கிறார்கள், பை தைக்கிறார்கள். மாணவர்கள் நண்பர்களோடு சேர்ந்து சிறுதொழில் தொடங்குகிறார்கள். ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் தெருத்தெருவாக அலைந்து விற்பார். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூட்டாளிகளுக்கு லாபத்தில் சமபங்கு என்கிறது 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். ஆனால் நீங்கள் கூட்டாளியா, கமிஷனுக்கு விற்பவரா என்ற கேள்வி வரும்போது காகிதம்தான் பேசும்.

ஆகவே, தொழில் சிறியதாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பொருளின் பெயரை யார் பெயரில் பதிகிறார்கள், லாபத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, நீங்கள் விலகினால் கையில் என்ன வரும் என்று கேளுங்கள். நம்மவர்தானே, எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். பிரௌனியைப் பாராட்டி மாலை போட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவரும் இதைக் கேட்டு எழுதி வாங்கியிருந்தால், வெறும் ஓராண்டுச் சம்பளத்தோடு அவரை அனுப்பியிருக்க முடியாது.