உஷார்! மரபணு ரிப்போர்ட் வராமல் முதல் ஊசி வேண்டாம்

வீட்டில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோயா? "இம்யூனோதெரபி ஆரம்பிச்சுடலாம்" என்று பேச்சு வந்துவிட்டதா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தெரிந்த குடும்பத்தில் நடந்தது. ஐம்பதைத் தாண்டிய அம்மா. சிகரெட் வாடையே அறியாதவர். பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய். பி.டி.எல்-1 (இம்யூனோதெரபிக்காகப் பார்க்கும் புரதம்) அளவு அதிகம் என்றதும் பிள்ளைகளுக்குப் பதற்றம். மரபணு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க மனசு வரவில்லை. நகையை அடகு வைத்து இம்யூனோதெரபி ஊசி போட்டாயிற்று. அப்புறம் வருகிறது ரிப்போர்ட்: ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம்! அதற்கென்றே ஆசிமெர்டினிப் மாத்திரை இருக்கிறது. உடனே மாற்றினார்கள். சில வாரத்தில் வறட்டு இருமல். பாத்ரூம் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. நுரையீரல் அழற்சி. ஐ.சி.யூ.

ஊசியைத்தான் நிறுத்தியாச்சே என்கிறீர்களா? அந்த ஊசியில் இருந்த பெம்ப்ரோலிசுமாப் மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 3 வாரம் ஆகும். அதன் மேல் இந்த மாத்திரை விழுந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. இதே வகை ஊசியான டர்வாலுமாபை ஆசிமெர்டினிப்போடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த டாட்டன் ஆய்வில், 100-க்கு 38 பேருக்கு நுரையீரல் பாதிப்பு. அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள்.

இத்தனைக்கும், ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள கட்டிக்கு ஊசி பெரும்பாலும் வேலையே செய்வதில்லை. பி.டி.எல்-1 எகிறி இருந்தாலும்தான்! புகைக்காத பெண்களிடம் இந்த மாற்றம் அதிகம்.

எப்போது உஷாராக வேண்டும்?

"பி.டி.எல்-1 பார்த்தாச்சு, போதும்" என்றால் போதாது! அது புரதச் சோதனை; மரபணுச் சோதனை அல்ல.

ரிப்போர்ட்டில் 'திசு போதவில்லை' என்றிருக்கிறதா? மாற்றம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேட முடியுமா என்று கேளுங்கள்.

ஊசி ஏற்கெனவே போட்டாயிற்றா? வறட்டு இருமல், மூச்சிரைப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதங்கள் கழித்து வந்தாலும் சரி. கடைசி ஊசி போட்ட தேதியை மறக்காமல் சொல்லுங்கள்.

காத்திருக்கவே முடியாத நிலைமையா? "இந்தச் சுற்றுக்குக் கீமோ மட்டும் கொடுத்துட்டு, ரிப்போர்ட் வந்தப்புறம் ஊசியைப் பத்தி முடிவு பண்ணலாமா டாக்டர்?" தயங்காமல் கேளுங்கள்.