கேளாத காதுக்கும் எட்டும் எச்சரிக்கை

"ஓரம்! ஓரம்!" - மொத்தக் கடை வீதியில் காலை முதல் இரவு வரை நம் காதில் விழும் குரல் இது. மூட்டை சுமப்பவர் குரல் கொடுக்கிறார், நாம் விலகுகிறோம். லாரி பின்னால் வரும்போது கிளீனர் பலகையைத் தட்டுகிறார். கிடங்கில் புகை கண்டால் கூச்சல் போடுகிறோம். நம் தொழிலில் எச்சரிக்கை என்பதெல்லாம் பெரும்பாலும் ஒலிதான். அந்த ஒலி எட்டாத ஒருவர் நம்மிடம் வேலை பார்த்தால்?

நமக்கு வேண்டிய ஒரு மளிகை மொத்தக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே பொட்டலம் போடும் பகுதியில் காது கேளாத இளைஞர் ஒருவர் இருக்கிறார். எடையில் பிசகு வராது, கை சுத்தம். ஒரு நாள் கடைக்குப் பின்புறம் அவர் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சரக்கு வண்டி பின்னோக்கி வந்தது. எல்லோரும் கத்தினார்கள். லோடுமேன் ஒருவர் ஓடிச் சென்று சட்டையைப் பிடித்து இழுத்ததால் உயிர் தப்பினார். அன்று மாலை முதலாளி நம்மிடம், "நல்ல பையன்தான் அண்ணாச்சி. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றார்.

அவருடைய பயம் நியாயமானது. ஆனால் முடிவு நியாயமா? ஒலியை மட்டுமே நம்பியிருந்த கடையின் ஏற்பாட்டில் அல்லவா குறை இருந்தது! மிளகாய் அரைக்கும் இரைச்சலில் நன்றாகக் காது கேட்பவருக்கே குரல் எட்டாத நேரங்கள் உண்டு.

என்ன செய்தார்கள்?

முதலில் அந்த இளைஞரையே எழுதிக் கேட்டார்கள். எந்த இடத்தில் அச்சமாக இருக்கிறது என்று அவரே காட்டினார். அதன்பின் செய்த ஏற்பாடுகள் இவை:

1. பொத்தானை அழுத்தினால் ஒலியோடு விளக்கும் மின்னும் கம்பியில்லா அழைப்பு மணி. பொத்தான் பின்வாசலில், விளக்கு அவர் பார்வை படும் இடத்தில்.

2. கிடங்கிலும் பொட்டல அறையிலும், ஒலியோடு பளிச்சிடும் ஒளியும் தரும் புகை எச்சரிப்புக் கருவி.

3. கையில் ஓர் அதிர்வுப் பட்டை. ஓரிரு ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. சட்டைப் பையில் உள்ள செல்போனுக்கு அழைப்பு வந்தால் மணிக்கட்டில் அதிரும். ஒரு முறை வந்து நின்றால் "கல்லாவுக்கு வா". விடாமல் அதிர்ந்தால் "உடனே வெளியே போ" என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

4. வழிகாட்டி ஒருவர் பின்னால் நிற்காமல் எந்த வண்டியும் பின்னோக்கி வரக்கூடாது என்ற கட்டுப்பாடு. முனையில் ஒரு குவி கண்ணாடி.

பேச்சைக் கேட்டுத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதி 2019 முதல் ஆண்ட்ராய்டு போன்களில் இலவசமாகக் கிடைக்கிறது. புகை மணி போன்ற ஒலிகளை உணர்ந்து அதிர்வு கொடுக்கும் வசதி 2020இல் வந்தது. ஆனால் ஆபத்து வேளையில் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று தயாரித்த நிறுவனமே எச்சரித்துள்ளது. போனில் சார்ஜ் தீரலாம், மின்சாரம் போகலாம். எனவே எச்சரிப்புக் கருவிகளுக்கு பேட்டரி வேண்டும். வாரம் ஒரு முறை சோதிக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் அவர் தோளைத் தட்டி அழைத்துச் செல்ல ஒரு சக ஊழியரையும் நியமிக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு

காலில் குறைபாடு உள்ளவர் சரக்கு இருப்பைப் பார்க்க மாடிக் கிடங்குக்கு ஏறி இறங்க வேண்டியதில்லை. கடையில் ஏற்கெனவே உள்ள கேமராவைக் கல்லாவிலிருந்தே போனில் பார்க்கலாம். பார்வை மங்கியவருக்கு, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் விளக்கும், படி ஓரத்தில் மஞ்சள் வண்ணமும் போதும். முற்றிலும் பார்வையற்றவர் நடைபாதையை மனத்தில் வைத்தே நடப்பார். சொல்லாமல் அங்கே ஒரு மூட்டையை இறக்கி வைத்தால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

சட்டம் சொல்வது

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்து தரும் வசதிகளையும் அதில் குறிப்பிட வேண்டும். ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகக் கடைகள் சட்டத்தில் சேர்த்ததும் நினைவிருக்கட்டும்.

அந்த இளைஞர் இன்றும் அதே கடையில்தான் இருக்கிறார். முன்பெல்லாம் வண்டி வந்தால் கத்துவார்கள். இப்போது விளக்கு மின்னுகிறது, அவர் விலகி நிற்கிறார். அந்த விளக்கைப் பார்த்து மற்ற ஊழியர்களும் விலகுகிறார்கள். ஒருவருக்காகச் செய்த ஏற்பாடு எல்லோரையும் காக்கிறது.

ஆகவே வணிகப் பெருமக்களே, "ஏதாவது ஆகிவிடுமோ" என்று நல்ல ஊழியரை வாசலோடு அனுப்பிவிட வேண்டாம். இன்று கடை சாத்தும் முன் ஒரு சுற்று வாருங்கள். நம் எச்சரிக்கை காதுக்கு மட்டுமா, கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் நாளைக் காலை முதல் வேலையாக அதைச் சரி செய்வோம்.