கெர்னல் புதிதானதும் காணாமற்போகும் வைஃபை

லினக்ஸ் இயங்குதளங்களில், வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் மையப் பகுதியான கெர்னல் புதுப்பிக்கப்பட்டதும், அதுவரை ஒழுங்காக இயங்கிய மடிக்கணினியின் வைஃபை அட்டை கண்டறியப்படாமல் போவதுண்டு. பெரும்பாலும் அட்டை பழுதடைவதில்லை. பிராட்காம் நிறுவனத்தின் 'டபிள்யூஎல்' போன்ற டிரைவர்கள், அதாவது அட்டையை இயக்கும் நிரல்கள், கெர்னலுக்கு வெளியே இருப்பதால், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஏற்ப மீண்டும் தொகுக்கப்பட வேண்டியிருக்கிறது. 2008இல் கெர்னல் 2.6.27இன் சோதனைப் பதிப்புகள் சில இன்டெல் வலையமைப்பு அட்டைகளின் நிலை நினைவகத்தையே சிதைத்தமை அரிதான, கொடிய விதிவிலக்கு. ஆகவே புதிய அட்டைக்குப் பணம் செலவிடுமுன், கணினி தொடங்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து பாருங்கள். வைஃபை திரும்பினால், அந்த இணைப்பைக் கொண்டே புதிய கெர்னலுக்குரிய டிரைவரை நிறுவிக்கொள்ளலாம்.